ஐயாற்றங்கரையின் பொதுப்பந்தல்

பாடத்திற்குள் நுழையும் முன்

மாணவர்களே, வெற்றிமலை முருகன் கோயிலில் பங்குனி உத்திரத் திருவிழா நடைபெறும் நாளை நினைத்துப் பாருங்கள். டெய்ரி ஃபார்மிலிருந்து பெற்றோருடன் நீங்களும் சென்றிருப்பீர்கள். மேளம் முழங்கும் இடத்தருகே நின்றிருப்பீர்கள். அங்கே எவரும் உங்களிடம் நுழைவுச்சீட்டுக் கேட்டிருக்கமாட்டார். தமிழர் மட்டுமன்றி, வங்காளமும் இந்தியும் தெலுங்கும் பேசும் அயல்வீட்டாரும் அவ்விசையைக் கேட்டிருப்பர். இதனை நாம் இயல்பான ஒன்றாக எடுத்துக்கொள்கிறோம்.

ஆயினும், இசையை அனைவர்க்கும் பொதுவாக வைத்தல் எல்லாக் காலத்தும் எளிதாக நிகழ்ந்துவிடவில்லை. 'கட்டணம் இல்லை' என்று ஒரு பந்தலில் எழுதி வைத்துவிடலாம். அப்பந்தலில் யார் கேட்கலாம், யார் பாடலாம் என்னும் வினாக்கள் அதன் பின்னரும் எஞ்சி நிற்கும். தமிழகத்தின் புகழ்பெற்ற கட்டணமில்லா இசைவிழா ஒன்று எவ்வாறு தோன்றியது, அதில் இவ்வினாக்கள் எவ்வாறு எழுந்தன என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

ஊரும் ஆறும்

தஞ்சாவூருக்கு வடக்கே ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில் காவிரியின் கரையில் அமைந்த ஊர் திருவையாறு. காவிரி, குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு ஆகிய ஐந்து ஆறுகள் அப்பகுதியில் பாய்வதால் 'ஐயாறு' என்னும் பெயர் ஏற்பட்டது என்பர். தேவாரம் பாடிய அடியார்கள் போற்றிய ஐயாறப்பர் கோயில் அவ்வூரின் நடுவே உள்ளது.

அந்தமானில் பிறந்து வளர்ந்த உங்களுக்குக் கடல் நன்கு தெரியும்; பேராறு தெரியாது. வட அந்தமானில் ஓடும் கல்பாங் ஆற்றைப் பார்த்தவர் உங்களுள் சிலர் இருக்கலாம். காவிரியோ கருநாடகத்தில் தோன்றி, தமிழகத்தை மேற்கிலிருந்து கிழக்காகக் கடந்து, வழியெங்கும் வயல்களுக்கு நீரூட்டும் ஆறு. நெல் மிகுதியாக விளைந்த நிலத்தில் கோயில்கள் பெருகின. அக்கோயில்களை ஒட்டி இசைவாணரும் ஆடல் வல்லோரும் நாகசுரக் கலைஞரும் வாழ்ந்தனர். தஞ்சை வட்டாரத்தில் ஊருக்கு ஓர் இசைக்கலைஞராவது இருந்தார் என்று பெரியோர் சொல்வது மிகைபோலத் தோன்றலாம். ஆனால் கலைஞர்களின் பெயர்களுக்கு முன்னே நிற்கும் ஊர்ப்பெயர்களைப் பார்த்தால் அது முற்றிலும் மிகையன்று என்பது விளங்கும். உமையாள்புரம், தில்லைத்தானம், திருவிடைமருதூர் என அப்பட்டியல் நீளும்.

அரிசி வாங்கிப் பாடியவர்

தியாகராசர் 1767-ஆம் ஆண்டு பிறந்தார். அவர் பிறந்த ஊர் திருவாரூர் என்பது மரபு. இளமையிலேயே திருவையாற்றுக்கு வந்து, தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அங்கேயே கழித்தார். அவர் பெயரைத் தியாகராஜர் என்றும் தியாகையர் என்றும் எழுதுவதுண்டு. அவர் இயற்றியவற்றுள் இன்று நமக்குக் கிடைப்பன ஏறத்தாழ 700 பாடல்கள். அவற்றுள் பெரும்பாலானவை தெலுங்கிலும் சில வடமொழியிலும் அமைந்தவை.

தமிழ்நாட்டில் வாழ்ந்தவர் தெலுங்கில் ஏன் பாடினார் என்று நீங்கள் கேட்கக்கூடும். நல்ல வினா. அவருடைய குடும்பத்தின் தாய்மொழி தெலுங்கு. மேலும், நாயக்க மன்னர்கள் தஞ்சையை ஆண்ட காலத்திலிருந்து அரண்மனையிலும் இசையரங்கிலும் தெலுங்கு செல்வாக்குப் பெற்றிருந்தது. பின்வந்த மராட்டிய மன்னர் காலத்திலும் அந்நிலை தொடர்ந்தது. வீட்டில் ஒரு மொழி, கடைத்தெருவில் ஒரு மொழி, பள்ளியில் மற்றொரு மொழி என வாழும் உங்களுக்கு இது வியப்பாக இராது. அதே தஞ்சை மண்ணில் முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப்பிள்ளை ஆகியோர் தியாகராசருக்கு முன்பே தமிழில் இசைப்பாடல்கள் இயற்றியிருந்தனர் என்பதையும் மறத்தல் ஆகாது.

தியாகராசர் உஞ்சவிருத்தி என்னும் முறையில் வாழ்ந்தவர். கையில் தம்பூராவும் தோளில் ஒரு செம்பும் கொண்டு, தெருத்தெருவாகப் பாடிக்கொண்டு செல்லுதலே அம்முறை. வீட்டிலிருப்போர் வெளியே வந்து அச்செம்பில் அரிசி இடுவர். அன்றைய உணவுக்கு வேண்டியது கிடைத்தால் போதும்; நாளைக்கெனச் சேர்த்து வைப்பதில்லை. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி அவரை அரசவைக்கு அழைத்துப் பொருள் தர முன்வந்தபோது அவர் மறுத்துவிட்டார் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அவருடைய பாடலுக்கு விலை இல்லை. ஆனால் அதைக் கேட்டவர்கள் வெறுங்கையராய் நின்றுவிடவில்லை. ஒரு பிடி அரிசி கொடுத்தவரும் கேட்டார். கொடுக்க இயலாதவரும் திண்ணையிலோ மரத்தடியிலோ நின்று கேட்டார். தெருவே அரங்கமாயிருந்தது. பின்னாளில் அவர் பெயரால் எழுந்த விழாவுக்கு இதுவே வித்து என்று கருதலாம்.

தியாகராசர் 1847-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள் மறைந்தார். மறைவதற்குச் சற்று முன்னர் துறவு மேற்கொண்டமையால், துறவியர்க்குரிய முறைப்படி காவிரிக்கரையில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவ்விடத்தில் சிறிய நினைவுமாடம் ஒன்று எழுப்பப்பட்டது.

புதர் மூடிய மாடம்

ஆசிரியர் மறைந்தபின் மாணவர்கள் தத்தம் ஊர்களுக்குத் திரும்பினர். அவரவர் ஊரில், அவரவர் வீட்டில் ஆசிரியரின் நினைவுநாளை வழிபாடாகக் கொண்டாடினர். பாடல்கள் மாணவரிடமிருந்து அவர்தம் மாணவருக்குச் சென்று நாடெங்கும் பரவின. ஆனால் காவிரிக்கரையில் இருந்த நினைவுமாடத்தைப் பேணுவார் இலர். ஆற்று வெள்ளமும் மழையும் அதனைச் சிதைத்தன, புதர் மண்டிற்று. அவருடைய பாடல்களைப் பாடிப் பெயரும் பொருளும் ஈட்டியவர் பலர் இருந்த காலத்தில், அவர் துயிலும் இடம் எதுவென்றே பலர்க்குத் தெரியாமற் போயிற்று.

ஏறத்தாழ 56 ஆண்டுகள் சென்றன. 1903-ஆம் ஆண்டு, தியாகராசரின் மாணவர் மரபினராகிய உமையாள்புரம் கிருட்டிண பாகவதரும் சுந்தர பாகவதரும் திருவையாற்றுக்கு வந்தனர். மாடத்தின் நிலையைக் கண்டு வருந்தி, அதனைப் புதுப்பித்தனர். ஆண்டுதோறும் நினைவுநாளை அவ்விடத்திலேயே கொண்டாடவேண்டும் என்னும் எண்ணமும் அப்போது வலுப்பெற்றது. அந்நினைவுநாள், சாந்திரமானக் கணக்கின்படி புஷ்ய மாதத் தேய்பிறையின் ஐந்தாம் நாள். எனவே ஆங்கில நாட்காட்டியில் அது ஆண்டுக்கு ஆண்டு மாறி, பெரும்பாலும் சனவரி மாதத்தில் வரும்.

அடுத்த சில ஆண்டுகளில் தில்லைத்தானத்தைச் சேர்ந்த நரசிம்ம பாகவதர், பஞ்சு பாகவதர் என்னும் உடன்பிறந்தார் இருவரும் அவ்விழாவைப் பெரிதாக நடத்தத் தொடங்கினர். தில்லைத்தானம் திருவையாற்றுக்கு மிக அண்மையில் உள்ள ஊர். வழிபாடு நடந்தது, வந்தோர்க்கெல்லாம் உணவு வழங்கப்பட்டது, இசைவாணர்கள் ஆசிரியரின் மாடத்துக்கு முன் அமர்ந்து பாடினர். பாடியவர்க்கு ஊதியம் இல்லை. கேட்டவர்க்குக் கட்டணம் இல்லை. பாடுதல் அங்கே தொழிலாக அன்றி அஞ்சலியாகக் கருதப்பட்டது. அவ்விழா 'ஆராதனை' எனப்பட்டது.

கட்சிகள் மூன்று

ஒற்றுமை நெடுநாள் நிலைக்கவில்லை. உடன்பிறந்தார் இருவர்க்கும் இடையே கருத்து வேற்றுமை தோன்றிற்று. இசைவாணர்களும் இரு பிரிவாயினர். நரசிம்ம பாகவதரைச் சார்ந்தோர் 'பெரிய கட்சி' எனவும், பஞ்சு பாகவதரைச் சார்ந்தோர் 'சின்ன கட்சி' எனவும் அழைக்கப்பட்டனர். ஒரே ஆசிரியரின் நினைவாக, ஒரே ஊரில், இரண்டு விழாக்கள்! நினைவுநாளுக்கு முந்திய நாள்களில் தொடங்கி அந்நாளில் முடிப்பது சின்ன கட்சியின் வழக்கம். நினைவுநாளில் தொடங்கிப் பிந்திய நாள்களில் நடத்துவது பெரிய கட்சியின் வழக்கம். ஊர்மக்களுக்கு இதனால் நட்டமில்லை. அவர்கள் இரண்டு விழாவையும் கேட்டனர்.

பலவற்றில் வேறுபட்ட இவ்விரு கட்சியினரும் ஒன்றில் மட்டும் ஒத்திருந்தனர். மாடத்தின் முன் பெண்கள் பாடக்கூடாது என்பதே அது. அக்காலத்தில் பொதுமேடையில் பாடிய பெண்களுள் பெரும்பாலோர், கோயிற்பணியும் ஆடலும் பாடலும் வழிவழித் தொழிலாகக் கொண்ட தேவரடியார் குடும்பங்களில் பிறந்தவர்கள். இசையில் ஆழ்ந்த பயிற்சி உடையவர்கள். ஆயினும் சமூகம் அவர்களைத் தாழ்வாக நோக்கிற்று. பந்தலில் அமர்ந்து அவர்கள் கேட்கலாம், பாட இயலாது. கட்டணமில்லாப் பந்தலிலும் கண்ணுக்குத் தெரியாத வேலி ஒன்று இருந்தது.

இந்நிலையில்தான் பெங்களூர் நாகரத்தினம்மாள் திருவையாற்றுக்கு வந்தார்.

அவர் 1878-ஆம் ஆண்டு மைசூர் நாட்டிலுள்ள நஞ்சன்கூடு என்னும் ஊரில், தேவரடியார் மரபில் பிறந்தவர். தாயார் புட்டலட்சுமி அம்மாள். இளமையில் வறுமையையும் புறக்கணிப்பையும் கண்டவர். இசையுடன் வடமொழியும் தெலுங்கும் கன்னடமும் கற்றார். தியாகராசரின் மாணவர் வழிவந்த முனிசாமப்பா என்பாரிடம் பாடம் கேட்டமையால், தியாகராசரின் பாடல்களில் அவருக்கு இளமையிலேயே பற்று உண்டாயிற்று. பின்னர்ச் சென்னைக்கு வந்து பெரும்புகழ் பெற்றார். இசைத்தட்டுகளில் அவர் குரல் பதிவாயிற்று. இசையால் ஈட்டிய பொருளால் வீடும் நகையும் வாங்கினார். வருமான வரி செலுத்தும் அளவுக்கு அவர் வருவாய் உயர்ந்தது. ஒரு பெண் தன் உழைப்பால் அந்நிலையை எய்துவது அந்நாளில் அரிது.

தியாகராசரின் மாடம் நன்கு பேணப்படவில்லை என்னும் செய்தி அவருக்கு எட்டியது. இரண்டு கட்சிகள் விழா எடுத்தபோதிலும், ஆண்டின் ஏனைய நாள்களில் அவ்விடத்தைக் கவனிப்பார் இல்லை. விழா எடுத்தல் வேறு, விளக்கேற்றி நாடோறும் பேணுதல் வேறு. இரண்டாவதே கடினமானது என்று இப்பாடத்தை எழுதுபவருக்குத் தோன்றுகிறது. நாகரத்தினம்மாள் அந்நிலத்தை உரியவரிடமிருந்து பெற்றார். 1921-ஆம் ஆண்டு கோயிற்பணி தொடங்கியது. தம் நகைகளையும் உடைமைகளையும் விற்றுச் செலவு செய்தார். தியாகராசரின் உருவச்சிலை அமைக்கப்பட்டது. 1926-ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் குடமுழுக்கு நடைபெற்றது. இன்று திருவையாற்றுக்குச் செல்வோர் காணும் கோயில் அவர் எழுப்பியதே.

இப்போது நிலைமையை எண்ணிப் பாருங்கள். நிலம் வாங்கியவர் ஒரு பெண். கோயில் கட்டியவர் அப்பெண். சிலையை நிறுவியவரும் அப்பெண். ஆனால் அக்கோயிலின் முன் பந்தலிட்டுப் பாடியவர்களோ, அவரை அங்குப் பாடவிடவில்லை.

நாகரத்தினம்மாள் அழுது திரும்பிவிடவில்லை. பிறர் பந்தலைப் பிரிக்கவும் முயலவில்லை. 1927-ஆம் ஆண்டு, கோயிலின் பின்புறத்தில் பெண்களைக் கொண்டே தனியாக ஓர் இசைவிழாவைத் தொடங்கினார். பல ஊர்களிலிருந்தும் இசையும் ஆடலும் வல்ல பெண்கள் வந்து அதில் பங்குகொண்டனர். ஊரார் அதற்குப் 'பெண்கள் கட்சி' எனப் பெயரிட்டனர். ஆக, காவிரிக்கரையில் கட்சிகள் மூன்றாயின.

முன்புறத்தில் ஆண்கள், பின்புறத்தில் பெண்கள் என்று அவ்விழாக்கள் நடந்த காட்சியை மனத்தில் வரைந்து பாருங்கள். பாட்டு ஒன்றே, பாடியவரின் ஆசிரியர் மரபும் ஒன்றே. இடையில் நின்றது, ஒரு பெண் தன் பொருளால் எழுப்பிய சுவர்.

ஒரே பந்தல்

மூன்று விழாக்களையும் ஒன்றாக்க வேண்டும் என்னும் முயற்சி 1930-களின் இறுதியில் வலுப்பெற்றது. இசைவாணர்களுள் முசிரி சுப்பிரமணிய ஐயர் முதலியோரும், அரசு அதிகாரியும் இசை அறிஞருமாகிய எஸ். ஒய். கிருட்டிணசுவாமியும் இதற்கு உழைத்தனர். நீண்ட பேச்சுக்குப் பின் உடன்பாடு ஏற்பட்டது. விழாவை நடத்தத் தியாகப்பிரம்ம மகோற்சவ சபை என்னும் பொது அமைப்பு உருவாயிற்று. 1941-ஆம் ஆண்டு முதல் ஒரே விழா நடைபெறலாயிற்று. பெண்களும் அங்கே பாடினர்.

ஒன்றிணைந்த விழாவில் புதியதொரு சிக்கல் தோன்றுவது இயல்பே. நூற்றுக்கணக்கான கலைஞர்கள் வருகின்றனர். நினைவுநாளன்று, உரிய வேளையில், யார் பாடுவது? ஒருவருக்கு இடம் கொடுத்தால் மற்றவர் மனம் வருந்தும். இதற்குக் கிடைத்த விடை அழகானது. 'கனராக பஞ்சரத்தினம்' எனப்படும் ஐந்து பெரும் பாடல்களை எல்லோரும் சேர்ந்து பாடும் முறை 1940-களில் நிலைபெற்றது. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்னும் ஐந்து இராகங்களில் அமைந்த அப்பாடல்கள் ஐந்தும் ஆதி தாளத்தில் உள்ளன. எனவே பெருங்கூட்டமாக ஒருங்கே பாடுவதற்கு அவை ஏற்றவை. புகழ்பெற்ற கலைஞரும் நேற்றுப் பாடம் முடித்த மாணவரும் ஒரே வரிசையில் தரையில் அமர்ந்து பாடுவர். அவ்வொலியில் எவருடைய குரலையும் தனியாகப் பிரித்தறிய முடியாது.

குழுவாகப் பாடினால் நுட்பம் குறைந்துவிடும் என்று குறை கூறுவோரும் உண்டு. அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. வானொலியில் கேட்கும்போது குரல்களும் கருவிகளும் கலந்து இரைச்சலாகக் கேட்பதை நீங்களே உணரலாம். நுட்பத்தைக் கேட்க வேண்டுமாயின் வேறு அரங்குகள் உள்ளன. ஐயாற்றங்கரையில் அன்று காலை நிகழ்வது வேறொன்று.

விழா இன்றும் ஏறத்தாழ அம்முறையிலேயே நடைபெறுகிறது. நினைவுநாள் காலையில் தியாகராசர் வாழ்ந்த திருமஞ்சன வீதியிலிருந்து அவருடைய படத்துடன் உஞ்சவிருத்தி ஊர்வலம் புறப்படும். நாகசுர இசை முழங்கும். பின்னர்ப் பஞ்சரத்தினம் பாடப்படும். ஏனைய நாள்களில் காலை முதல் இரவு வரை கலைஞர்கள் ஒருவர்பின் ஒருவராக மேடையேறுவர். ஒவ்வொருவர்க்கும் கிடைப்பது சில மணித்துளிகளே. சென்னையில் மூன்று மணிநேரம் கச்சேரி செய்யும் பெருங்கலைஞரும் அங்கே ஒன்றிரண்டு பாடல்களைப் பாடிவிட்டு எழுந்துவிடுவார். ஊதியம் பெறமாட்டார். மணல்மீது விரித்த பாயில் அமர்ந்து உழவரும் வணிகரும் மாணவரும் கேட்பர். நிகழ்ச்சிகளை வானொலியும் தொலைக்காட்சியும் நேரலையாக ஒலி, ஒளிபரப்புவதால் அந்தமானில் இருந்தவாறே நீங்களும் கேட்கலாம்.

நாகரத்தினம்மாள் தம் இறுதிக்காலத்தைத் திருவையாற்றிலேயே கழித்தார். கோயிலைப் பேணுவதற்கென அறக்கட்டளை ஏற்படுத்தி, தம் உடைமைகளை அதற்கு எழுதி வைத்தார். தேவரடியார் மரபினர் உள்ளிட்ட பெண்கள் அங்கே வழிபடவும் இசையஞ்சலி செலுத்தவும் தடை இருத்தலாகாது என்பதையும் தம் உயிலில் குறித்தார். 1952-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் நாள் அவர் மறைந்தார். தியாகராசரின் கோயிலை நோக்கியவாறு அவருடைய உருவச்சிலை அமைந்துள்ளது. பாடல் கேட்டு அமர்ந்திருப்பவரைப் போன்றது அச்சிலை.

கடல் கடந்த பந்தல்கள்

ஊரை விட்டுச் சென்றோர் தம்முடன் எதனை எடுத்துச் செல்வர்? உங்கள் தாத்தாவோ பாட்டியோ ஏறத்தாழ மூன்று நாள் கப்பற்பயணம் செய்து போர்ட் பிளேயர் வந்தபோது பெட்டியில் என்ன வைத்திருந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இத்தீவுகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். அவர்கள் கொண்டுவந்த பொருள்கள் தேய்ந்து மறைந்திருக்கலாம். பாட்டும் விழாவும் தங்கியுள்ளன.

அமெரிக்காவில் குடியேறியோரும் அவ்வாறே செய்தனர். ஓகையோ மாநிலத்திலுள்ள கிளீவ்லாந்து நகரில், 1978-ஆம் ஆண்டு, தென்னிந்தியக் குடும்பத்தினர் சிலர் தியாகராசர் ஆராதனையைத் தொடங்கினர். மிருதங்கக் கலைஞர் இராமநாதபுரம் இராகவன் அவர்களுக்கு ஊக்கம் அளித்தார். முதல் விழா ஒரே நாள் நிகழ்ச்சி. அதற்கு இடம் தந்தது ஒரு தேவாலயத்தின் அடித்தளக் கூடம். சனவரியில் அங்கே கடுங்குளிர். ஆகவே ஈஸ்டர் விடுமுறையை ஒட்டி விழா எடுப்பதை வழக்கமாக்கிக்கொண்டனர். நாள் மாறினும் நோக்கம் மாறவில்லை. இன்று அது பல நாள் நடைபெறும் பெருவிழாவாக வளர்ந்துள்ளது. அங்கே பிறந்து வளர்ந்த சிறுவர் சிறுமியர் பஞ்சரத்தினத்தைப் பாடமாகக் கற்றுவந்து கூட்டத்தோடு பாடுகின்றனர்.

தமிழகத்திலேயே மற்றுமொரு முயற்சி 2015-ஆம் ஆண்டு நிகழ்ந்தது. சென்னை பெசன்ட் நகர்க் கடற்கரையை ஒட்டி ஊரூர் ஆல்காட் குப்பம் என்னும் மீனவர் குடியிருப்பு உள்ளது. அதன் அருகே உள்ள வசதியான தெருக்களில் கருநாடக இசையை அறிந்தவர் பலர்; குப்பத்து மக்களோ அவ்வரங்குகளுக்குச் சென்றதில்லை. அவ்வாறே, தெருவாசிகளுள் பலர் குப்பத்திற்குள் காலடி வைத்ததில்லை. இரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவு சில நிமிட நடையே. பாடகர் டி. எம். கிருஷ்ணா, சுற்றுச்சூழல் ஆர்வலர் நித்தியானந்த் ஜெயராமன் ஆகியோரும் குப்பத்து மக்களும் சேர்ந்து அக்குப்பத்திலேயே கட்டணமில்லாக் கலைவிழா ஒன்றை நடத்தினர். கருநாடக இசையும் பரதமும் பறையும் வில்லுப்பாட்டும் ஒரே மேடையில் இடம்பெற்றன. குப்பத்தார்க்குச் செவ்வியல் இசையைக் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சிலர் இதனைப் புரிந்துகொண்டனர். அது பாதி உண்மையே. மறுபாதி, இதுவரை வாராதவர்கள் குப்பத்திற்கு வந்து, மீனவர்களுடன் மணலில் அமர்ந்து பறையைக் கேட்டார்கள் என்பது.

திருவையாற்றிலும் குப்பத்திலும் பணம் ஒரு பொருட்டாக இல்லை. முன்னதில் கோயிலின் பின்புறத்திலிருந்து முன்புறம் வரப் பெண்களுக்கு 14 ஆண்டுகள் ஆயின. பின்னதில் ஒரு தெருவைக் கடந்து வர இரு திறத்தார்க்கும் அதனினும் நெடுங்காலம் ஆயிற்று.

அருஞ்சொற்பொருள்

வித்து – விதை. மாடம் – சிறு கட்டடம். இலர் – இல்லை (பலர்பால்). மண்டிற்று – நெருங்கி வளர்ந்தது. துயிலுதல் – உறங்குதல். நாடோறும் – ஒவ்வொரு நாளும். எய்துதல் – அடைதல். குடமுழுக்கு – கோயில் நீராட்டு விழா. உயில் – இறப்புக்குப்பின் உடைமைகள் யாரைச் சேரவேண்டும் என எழுதி வைக்கும் ஆவணம். திறத்தார் – பக்கத்தைச் சார்ந்தவர்.

பயிற்சி

1. 'விழா எடுத்தல் வேறு, விளக்கேற்றி நாடோறும் பேணுதல் வேறு' என்று பாடம் கூறுகிறது. உங்கள் வீட்டிலிருந்தோ பள்ளியிலிருந்தோ ஓர் எடுத்துக்காட்டுத் தந்து இதனை ஐந்து தொடர்களில் விளக்குக.

2. நாகரத்தினம்மாள் கோயிலின் பின்புறத்தில் தனி விழா தொடங்கியது சரியா, அன்றி முன்பந்தலிலேயே இடம் கேட்டு நின்றிருக்க வேண்டுமா? வகுப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து உரையாடுக. எதிரணியினர் கூறியவற்றுள் உங்களுக்கு ஏற்புடைய கருத்து ஒன்றையேனும் எழுதுக.

3. பின்வரும் தொடர்களைப் பேச்சுவழக்கில் உங்கள் வீட்டார் எவ்வாறு சொல்வர்? கேட்டு எழுதுக.
அ) பாடியவர்க்கு ஊதியம் இல்லை.
ஆ) ஒற்றுமை நெடுநாள் நிலைக்கவில்லை.
இ) அச்செம்பில் அரிசி இடுவர்.

4. சேர்த்து எழுதுக: காவிரி + கரை, பொது + பந்தல், அ + செம்பு, நாள் + தோறும்.

5. டெய்ரி ஃபார்மிலோ அதனைச் சூழ்ந்த பகுதியிலோ கட்டணமின்றி நடைபெறும் ஒரு விழாவைத் தேர்ந்தெடுங்கள். அதனை முதன்முதலில் தொடங்கியவர் யார், பந்தலுக்கும் உணவுக்கும் யார் செலவு செய்கின்றனர், அவ்விழாவில் இதுவரை பாடவோ ஆடவோ வாராதவர்கள் யார் என்பவற்றைப் பெரியோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதி வருக.